ஆயிரம் உருபாவும் ஆங்கில வாயிலும்

கல்லூரிக்குச் செல்லும் ஏழைப் பிள்ளைக்குத் திங்களுக்கு ஆயிரம் உருபா கொடுத்தால் நாட்டின் கருவூலமே வற்றிப்போகும் என்று அலறுவர் ஒருசாரார். கொடுத்ததே பெரிது, கொடுத்தவரைக் கும்பிட்டுவிட்டு வாய்மூடி யிருங்கள் என்று அதட்டுவர் மற்றொரு சாரார். இவ் விரு சாராரும் கேளாத கேள்வி யொன்றுண்டு. தமிழ்மக்களின் வரிப்பணத்தினின்று எடுத்து, 'தமிழ்ப் புதல்வன்' என்று பெயருஞ் சூட்டிக் கொடுக்கும் தொகையைப் பெறுகின்ற புதல்வன், தமிழிற் படித்தவனா என்று அரசு கேட்க வேண்டுமா, வேண்டாவா? கேட்டால் செலவு மிகும் என்பது விடையா? அன்றிக் கேட்டால் வேறேதோ வெளிப்பட்டுவிடும் என்பது அச்சமா?

செய்தியை முதலிலிருந்து பார்ப்பதே முறை.

1989ஆம் ஆண்டில் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கப்பெற்றது. இராமாமிர்தம் அம்மையார் யாரென்று இற்றை மாணவியரைக் கேட்டால் பலர் விழிப்பர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் கொடுமையைத் தம் வாழ்நாளெல்லாம் எதிர்த்துப் போராடியவர் அவர். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்துசென்ற தமிழர் படையிற் காலோய நடந்தவர், சிறை புகுந்தவர். மொழிக்காகச் சிறை புகுந்த அவர் பெயரையே உதவித்தொகைக்கு இட்டிருக்கின்றனர் என்பதைப் படிப்பவர் நெஞ்சில் இருத்திக்கொள்க.

அத் திருமண உதவி நாளடைவிற் பெருகியது. 2016இற்குப் பின், பட்டம் அல்லது பட்டயம் பெற்ற பெண்ணுக்கு 50,000 உருபாவும் தாலிக்கு 8 கிராம் பொன்னும் என்றாயிற்று. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 உருபாவைத் தாண்டலாகாது; ஒரு குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கே உதவி. 2022 மார்ச்சுத் திங்களில் வரவு செலவுத் திட்டம் படித்த அமைச்சர் பழனிவேல் தியாகராசன், அரசுப் பள்ளியிற் படித்துத் தேறும் பெண்களில் நூற்றுக்கு 46 பேரே உயர்கல்விக்குச் செல்கின்றனர் என்று எடுத்துக்காட்டி, அத் திருமண உதவியைக் கல்வியுதவியாக மாற்றுவதாக அறிவித்தார். அவ் வாண்டுக்கு 698 கோடி உருபா ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறு நூறாயிரம் மாணவியர் பயன்பெறுவர் என்று கணிக்கப்பட்டது. 2022 செபுதம்பர் 5ஆம் பக்கல் சென்னையில், முதலமைச்சர் மு. க. தாலின் தில்லி முதலமைச்சர் முன்னிலையில் அதனைத் தொடங்கி வைத்தார். 'புதுமைப் பெண்' என்பது அதன் பெயர். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியிற் படித்த பெண், பட்டமோ பட்டயமோ தொழிற்பயிற்சியோ கற்கும் காலமெல்லாம் திங்களுக்கு ஆயிரம் உருபா பெறுவாள். வருமான வரம்பு இல்லை. ஒரு வீட்டில் எத்தனைப் பெண்கள் படித்தாலும் அத்தனைப் பேர்க்கும் உண்டு.

தாலிக்குப் பொன் கொடுத்த கை பொத்தகத்துக்குப் பணம் கொடுக்கத் திரும்பியது நற்செயலே. அதனைக் குறைகூறுவார் கூறுக; தமிழ்ப்பற்றுள்ளார் கூறார். ஆயினும் செலவு செலவு என்று கூவுகின்றவர்க்கு ஒரு சிறு கணக்கு. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு ஒரு பெண் பெறும் மொத்தத் தொகை 36,000 உருபா. முன்னைத் திட்டத்தில் பட்டம் பெற்ற பெண் பெற்றது 50,000 உருபாவும் 8 கிராம் பொன்னும். ஆளொன்றுக்கு அரசு செலவிடுந் தொகை ஏறவில்லை, இறங்கிற்று. ஏறியது பெறுவார் தொகையே. பெறுவார் தொகை ஏறுவதைத்தானே கல்விப் பரவல் என்பது?

இத் திட்டத்தின் பயன் இன்னதென்பதை அறிய வேண்டின் சென்னையிலும் கோவையிலும் நின்று பார்த்தலாற் பயனில்லை. தருமபுரி மாவட்டத்துக்கு வருதல் வேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இது. நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது புலமைமிக்க ஒரு பெண்ணுக்கு ஈந்த மன்னனின் மண் இது. அந்த மண்ணில்தான் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 68.54 பேர், தமிழ்நாட்டு மாவட்டங்களுள் கடைசி. நாட்டு நிரவலோ 80 விழுக்காட்டுக்கு மேல். பெண்களை மட்டும் எண்ணின் ஐவரில் இருவர் எழுத்தறியார். ஔவைக்கு நெல்லி ஈந்த நாடு ஔவையின் மகளிர்க்கு அரிச்சுவடியும் ஈயவில்லை!

இன்னும் கொடிது ஒன்றுண்டு. பெண்மகவு பிறந்தால் பாலுக்குப் பகரம் நஞ்சு புகட்டப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகச் சேலத்தோடு சேர்த்துத் தருமபுரியும் உலகெங்கும் பேசப்பட்ட காலம் தொலைவில் இல்லை. அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும், 2001இல் அதனைத் தருமபுரிக்கும் விரித்ததும் அக் கொடுமையின் அளவைக் காட்டும் சான்றுகள். பெண் என்றால் செலவு, வளர்த்தால் இழப்பு, கட்டிக்கொடுத்தால் கடன் என்ற கணக்கு அவ் வீடுகளில் வேரூன்றியிருந்தது. அவ் வீட்டுப் பெண் இன்று தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா பெறுகின்றாள் என்றால், அவ் வாயிரத்தின் மதிப்பைப் பணத்தால் அளக்க வொண்ணாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்டச் சொல்லும் தந்தையிடம், "மூன்றாண்டு பொறுங்கள் அப்பா, படிப்புக்கு அரசே பணந் தருகிறது" என்று சொல்ல அவளுக்கு ஒரு சொல் கிடைத்திருக்கின்றது. சித்தேரி மலையினின்று இறங்கி அரூருக்கோ, பென்னாகரத்துக் காட்டோரச் சிற்றூரினின்று தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்கோ, பாலக்கோட்டுப் பக்கத்தினின்று காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரிக்கோ வரும் பெண்ணுக்கு அச் சொல்லே வழித்துணை.

ஆண்பிள்ளை நிலை வேறுவகையிற் கேடானது. மழை பொய்த்த ஆண்டில் தந்தையுந் தாயும் பெங்களூர்க்குக் கட்டட வேலைக்குப் போவர். பையன் பாட்டியிடம் இருந்து படிப்பான். பன்னிரண்டு தேறியதும் அவனும் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறுவான். படித்தால் எதிர்காலம் உண்டென்று அவனுக்குத் தெரியாததன்று. இன்றைக்குக் கூலி உண்டென்பது அதனினும் நன்றாய்த் தெரியும். ஆகவே 2024 பிப்பிரவரியில் அமைச்சர் தங்கம் தென்னரசு படித்த வரவு செலவுத் திட்டத்தில் ஆண்பிள்ளைகட்கும் அவ்வுதவி விரிக்கப்பட்டபோது இம் மாவட்டத்தார் மகிழ்ந்தது இயல்பே. 2024 ஆகத்து 9ஆம் பக்கல் கோவையில் அது தொடங்கப்பெற்றது. 'தமிழ்ப் புதல்வன்' என்னும் பெயர் காதுக்கு இனியது. அதற்கென ஒதுக்கப்பட்டது 360 கோடி. பெண்களுக்கான திட்டத்திற்கு அவ்வாண்டு ஒதுக்கப்பட்டது 370 கோடி.

இங்குச் சற்று நின்று செலவுக் கணக்கை முடித்துவிடுதல் நன்று. ஏனெனில் செலவைக் காட்டியே தமிழரை மிரட்டுகின்றனர்.

இரண்டு திட்டங்கட்கும் சேர்த்து 730 கோடி உருபா. பெண்களுக்கு மட்டும் என்று தொடங்கிய 2022இல் முன்னீடாக ஒதுக்கிய தொகை 698 கோடி. ஆணும் பெண்ணும், அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் என நாற்புறமும் வாயில் திறந்த பின்னும் ஒதுக்கீடு வெறும் 32 கோடியே மிகுந்திருக்கின்றது. கரணியம் வெளிப்படை. ஆறு நூறாயிரம் மாணவியர் வருவர் என்று அஞ்சியதற்குப் பாதியளவினரே வந்தனர். தகுதியை விரித்தால் வெள்ளம்போல் மக்கள் புகுந்து கருவூலத்தை அடித்துக்கொண்டு போவர் என்பது, கல்லூரி வாயிலில் நின்று எண்ணிப் பாராதவரின் கனவு. இந்நாட்டின் குறை உதவி பெறுவார் மிகுந்தமையன்று, உதவி கொடுத்தும் வருவார் குறைந்தமையே.

அவ்வாண்டு அரசின் வருவாய்ச் செலவு ஏறத்தாழ மூன்றரை நூறாயிரங் கோடி உருபா. அதில் 730 கோடி என்பது ஆயிரத்தில் இரண்டு பங்கு. இன்னொரு பக்கம் பார்க்க. அரசே நடத்தும் மதுக்கடைகளால் 2023-24இல் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி உருபா. நாளொன்றுக்கு 125 கோடிக்கு மேல். தகப்பன்மார் ஆறு நாள் குடித்த பணத்தில் ஓராண்டு முழுதும் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவிவிடலாம், மிச்சமும் இருக்கும். இதற்கு இலவயம் என்று பெயரிட்டு ஏளனஞ் செய்யும் ஏடுகள், முந்நூற்றறுபத்தைந்து நாளும் குடிக்க வைத்து வாங்கும் பணத்துக்கு என்ன பெயர் இடுகின்றன?

வருமான வரம்பு வைக்கவில்லையே, செல்வரும் நுழைந்துவிடுவரே என்பது அடுத்த மறுப்பு. நுழையட்டும்! எந்தச் செல்வன் திங்கள் ஆயிரம் உருபாவுக்காகத் தன் மகனை ஏழாண்டு அரசுப் பள்ளிப் பெஞ்சியில் உட்காரவைப்பான்? அரசுப் பள்ளியே சல்லடை. அதற்குமேல் வருமானச் சான்றிதழ் என்ற இன்னொரு சல்லடை வைத்தால் வடிகட்டப்படுபவன் செல்வன் அல்லன். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்குமுறை அலையக் கூலியிழக்க முடியாதவனும், ஊரில் இல்லாமற் கட்டட வேலைக்குப் போயிருப்பவனுமே வடிகட்டப்படுவர்.

சான்றிதழ் வரம்பை நடுவணரசு எப்படி ஆளுகின்றது என்பதையும் ஈண்டுக் கூறாமல் விடலாகாது. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான பத்தாம் வகுப்புக்குப் பிற்பட்ட கல்வி உதவித்தொகை 1944ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்குக் குடும்ப வருமான வரம்பு இரண்டரை நூறாயிரம் உருபா. 2019இல் முற்பட்ட வகுப்பாரின் 'ஏழைகள்' என்றொரு பிரிவு படைத்துப் பத்து விழுக்காடு ஒதுக்கியபோது, அவ் வேழைமைக்கு எல்லை எட்டு நூறாயிரம் உருபா என்று வகுத்தனர். உதவித்தொகை வரம்போ இரண்டரையிலேயே நின்றது. ஒரே அரசு, இரண்டு முழக்கோல்! இதனினும் விந்தை, செலவைப் பகிர்ந்த முறை. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதியாண்டில் ஒரு மாநிலம் இவ்வுதவிக்கு எவ்வளவு செலவிட்டதோ, அவ்வளவும் அதன்பின் அம் மாநிலத்தின் தலையிலேயே விழும். அதற்கு மேற்பட்டதை மட்டுமே நடுவண் தரும் என்றிருந்தது. பிள்ளைகளை மிகுதியாகப் படிக்கவைத்த தமிழ்நாடு மிகுதியான சுமையைத் தாங்கிற்று. படிக்க வைத்ததற்குத் தண்டம்! மாநிலங்கள் பல்லாண்டு முறையிட்ட பின்னரே, 2020 திசம்பரில் நடுவண் அறுபது, மாநிலம் நாற்பது எனப் பங்கீடு மாற்றப்பட்டது. தகுதியை விரிப்பவனுக்கே சுமை என்ற இம் முறையைக் கண்டவர், மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் விரித்த இத் திட்டத்தை இகழார்.

செலவுப் பேச்சு இத்தோடு போக. இனித்தான் உள்ளீடான செய்தி.

2024இல் தகுதி விரிக்கப்பட்டபோது அரசு உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்தனர். ஆயின் அங்கு ஒரு வரையறை இட்டனர். உதவிபெறும் பள்ளியிற் படித்தவராயின் தமிழ்வழியிற் படித்திருக்க வேண்டும். நல்ல வரையறை, பொன்னேபோற் போற்றத்தக்க வரையறை. தமிழ்வழியிற் படித்த பெண்கள் உதவிபெறும் பள்ளியிற் படித்த ஒரே குற்றத்திற்காக 2022 செபுதம்பர் முதல் இரண்டாண்டுக்கு மேல் வாயிலுக்கு வெளியே நின்றனர். 2024 திசம்பர் 30இல் தூத்துக்குடியில் நடந்த விழாவில்தான் அவர்க்கும் வாயில் திறந்தது. சரி, திறந்ததே என்று மகிழ்வோம் என்றால், பக்கத்து வாயிலைப் பார்த்ததும் மகிழ்ச்சி வடிந்துவிடுகின்றது.

அரசுப் பள்ளியிற் படித்தவனிடம் எவ்வழியிற் படித்தாய் என்று கேட்பாரில்லை! அவன் ஆறு முதல் பன்னிரண்டுவரை கணக்கும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்திலேயே படித்திருக்கலாம். தமிழை ஒரேயொரு பாடமாக ஒதுக்கி வைத்திருக்கலாம். அவனும் 'தமிழ்ப் புதல்வன்'தான். தேவாலயத்தாரும் அறக்கட்டளையாரும் நடத்தும் உதவிபெறும் பள்ளியில் ஆங்கிலவழியிற் படித்தவன் தமிழ்ப் புதல்வன் அல்லன். அரசு தானே நடத்தும் பள்ளியில் அதே ஆங்கிலவழியிற் படித்தவன் தமிழ்ப் புதல்வன். தமிழ்வழி என்பது நன்மையெனின் அரசுப் பள்ளியில் அது ஏன் நன்மையாகவில்லை? தமிழ்வழி என்பது வேண்டாததெனின் உதவிபெறும் பள்ளிக்கு மட்டும் அதனை ஏன் விதித்தனர்? பிறர் வீட்டு வாயிலில் தமிழைக் காவல் வைத்துவிட்டுத் தன் வீட்டு வாயிலில் ஆங்கிலத்துக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பது எவ்வகைக் கொள்கை?

இவ் வாங்கிலவழி அரசுப் பள்ளிக்கு எப்பொழுது பரவிற்று என்பது பலர்க்கு மறந்திருக்கும். 2012-13இல் சில நூறு பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. 2013-14இல் அவை ஆயிரக் கணக்கான பள்ளிகளுக்குப் பெருக்கப்பட்டன. ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கினர். அன்று ஆளுங்கட்சி வேறு. பின் வந்த கட்சியோ, தமிழால் வளர்ந்து தமிழால் ஆட்சிக்கு வந்த கட்சி, அப் பிரிவுகளை மூடிற்றா? மூடவில்லை. 2013இல் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பிரிவிற் சேர்ந்த பெண், புதுமைப் பெண் திட்டம் தொடங்கிய 2022இல் கல்லூரி மூன்றாம் ஆண்டில் இருந்தாள். திட்டம் தீட்டியவர்க்கு இது தெரியாதென்று சொல்லுதற்கில்லை. தெரிந்தே மொழியைக் கேளாது விட்டனர்.

அப் பெண்ணின் ஆயிரத்தைப் பிடுங்குக என்பதன்று இங்குக் கூறுவது. இதனை அழுத்திச் சொல்லவேண்டும். இல்லையேல் தமிழ்ப்பற்றாளரை ஏழைப் பகைவர் என்று திரிப்பர். ஆங்கிலப் பிரிவிற் சேர்ந்த கூலிக்காரர் பிள்ளை குற்றவாளி யல்லள். பக்கத்து ஊர்த் தனியார் பள்ளிப் பேருந்து மஞ்சள் நிறத்தில் வந்து தெருமுனையில் நின்று ஆரவாரிக்கும்போது, தன் மகளுக்கும் அந்த ஆங்கிலத்தில் ஒரு துளியாவது கிடைக்காதா என்று ஏங்கிய தந்தை அரசுப் பள்ளியில் ஆங்கிலப் பிரிவு என்ற பலகையைக் கண்டு ஏமாந்தான். அப் பலகையை நட்டது அரசு. தமிழ்ப் பிரிவிற்கு ஆள் குறைகின்றது என்று பின்னர் அறிக்கை விடுவதும் அரசே. ஏமாந்தவனை ஒறுத்தல் நயனன்று. ஏமாறாமல் நின்றவனைப் பாராட்டாமையும் நயனன்று.

தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழியாகக் கொண்டார் இம் மாவட்டத்தும் பக்கத்துக் கிருட்டிணகிரியிலும் பலர் உளர். அவர் பிள்ளைகள் தம் தாய்மொழிவழியிற் படிப்பதைத் தமிழர் வெறுப்பதற்கில்லை. தாய்மொழிக்கல்வி என்பது தமிழர்க்கு மட்டும் உரிய தனிப்பேறன்று. பொருந்தாதது, எவர்க்கும் தாய்மொழியல்லாத ஒன்றை எல்லார்க்கும் ஊட்டுமொழியாக்குவதே.

தமிழ்வழியிற் படித்தவன் யார் என்று வரையறுப்பது கடினம், அதனாற்றான் கேட்கவில்லை என்று அலுவலர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது பொய். 2010ஆம் ஆண்டே தமிழ்நாட்டரசு ஒரு சட்டம் செய்தது. அரசுப் பணியமர்த்தத்தில் தமிழ்வழியிற் படித்தவர்க்கு இருபது விழுக்காடு முன்னுரிமை. அச் சட்டத்தின் ஓட்டையில் நுழைந்து, பள்ளியெல்லாம் ஆங்கிலத்திற் படித்துப் பட்டத்தை மட்டும் தமிழிற் பெற்றுக்கொண்டு வந்தவரைத் தடுக்க, 2020இல் அதனைத் திருத்தி, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் வேண்டும் என்றாக்கினர். அதற்கெனத் தலைமையாசிரியர்கள் தமிழ்வழிச் சான்றிதழ் வழங்குகின்றனர். படிவம் இருக்கின்றது, முத்திரை இருக்கின்றது, கையெழுத்திடுவாரும் இருக்கின்றனர். வேலை கொடுக்கும்போது கேட்கத் தெரிந்த கேள்வியைப் படிக்கும்போது கேட்க மட்டும் அரசுக்கு நாவெழவில்லை!

விதியின் ஒரு மூலையையும் காண்க. கல்வியுரிமைச் சட்டத்தின்கீழ்த் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்துப் பின்பு ஒன்பது முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிற் படித்தவர்க்கும் இவ்வுதவி உண்டு. அத் தனியார் பள்ளிகளிற் பெரும்பாலானவை ஆங்கிலவழிப் பள்ளிகள். அவற்றிற் படித்த காலம் குறையாகக் கருதப்படவில்லை. ஆயின் 1990களில் தமிழன்பர் சிலர் தம் கைப்பொருளையும் பிறர் கைப்பொருளையும் வாரியிறைத்துத் தாய்த்தமிழ்ப் பள்ளிகள் என்று தொடங்கினரே, எல்லாப் பாடமும் தமிழில் என்று, அரசின் காசு ஒன்றும் வாங்காமல்! அத்தகைய பள்ளியில் எட்டாம் வகுப்புவரை தூய தமிழிற் படித்துவிட்டு, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு விதியின் சொற்படி இடமில்லை. ஆங்கிலத் தனியார் பள்ளியினின்று வந்தால் உள்ளே, தமிழ்த் தனியார் பள்ளியினின்று வந்தால் வெளியே. இந்த ஒரு வரியைக் காட்டினாற் போதும், திட்டத்தின் பெயரிலுள்ள 'தமிழ்' எத்தனைப் பலகைக் கனம் என்பது விளங்கும்.

கல்லூரிக்குள் நுழைந்த பின் என்ன நிலை? 2010-11 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ்க் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியிற் கற்பிக்கப்பட்டன. 2023 மே திங்களில், உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் ஆள் சேரவில்லை யென்று அத் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஆள் ஏன் சேரவில்லை? தமிழிற் பொறியியல் படித்தால் கூடுதலாக ஒரு காசும் இல்லை, ஒரு பெருமையும் இல்லை. நேர்காணலில் இளக்காரம் மட்டுமே உண்டு. ஆங்கிலத்திற் படித்தாலும் அதே ஆயிரம். இவ்வாறு வைத்துவிட்டு ஆளில்லை ஆளில்லை என்று கையை விரிப்பது, உரமிடாது நீர்விடாது கிடந்த கொல்லையைப் பார்த்து விளையவில்லை என்று மண்ணைப் பழிப்பது போன்றது.

அயல்நாட்டை எடுத்துக்காட்டினால்தான் சிலர்க்குக் காது திறக்கும். ஆங்கிலத்தைத் தலைமேற் சுமப்பாரே, ஆங்கிலர் நாட்டில் இச் செய்தி எப்படி நடந்ததென்று பார்க்க. இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால், பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றவர்க்குப் பெற்றோர் வருமானத்துக் கேற்ப வாழ்க்கைப்படி கொடுப்பது கடமையாக்கப்பட்டது. படிப்போர் தொகை பெருகப் பெருக அரசு பின்வாங்கிற்று. 1990இல் கடன் முறை வந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்டுக்கு ஆயிரம் பவுன் வரை கட்டணம் வந்தது, வாழ்க்கைப்படி போயிற்று. தகுதியை விரித்துவிட்டுப் பொருளைச் சுருக்கும் அரசுகட்கு அது பாடம். ஆயினும் அதே தீவின் மேற்கே வேல்சு நாட்டைப் பார்க்க. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வேல்சு மொழி பேசுவார் ஆறு நூறாயிரத்தினும் குறைவு. நம் மாவட்டமொன்றின் மக்கள்தொகையிற் பாதியும் தேறார். அவர்கள் அவ்வாண்டே வேல்சு மொழிவழி உயர்கல்விக்கென ஒரு தேசியக் கல்லூரி நிறுவினர். அதன் வழியாக, பட்டப்படிப்பின் ஒரு பகுதியை வேல்சு மொழியிற் படித்தால் ஆண்டுக்கு 500 பவுன், மூன்றில் இரு பங்கைப் படித்தால் ஆண்டுக்கு 1,000 பவுன் என்று தனி உதவித்தொகை வகுத்தனர். ஆங்கிலத்தின் வாயிலிலேயே குடியிருந்து, ஆங்கிலம் எல்லார்க்கும் தெரிந்த நாட்டில், தம் மொழியிற் படிப்பார்க்கு மட்டும் மேற்கொண்டு பணம்! ஏழு கோடித் தமிழர்க்கு அவ் வறிவு ஏன் வரவில்லை?

வந்தால் என்ன செலவு ஆகும்? மூன்று நூறாயிரம் மாணவர் தமிழ்வழியிற் படித்தவர் என்று கொள்ளினும், ஒவ்வொருவர்க்கும் ஆயிரத்தின்மேல் ஐந்நூறு உருபா கூட்டிக் கொடுத்தால் ஆண்டுக்கு 180 கோடி. மதுக்கடையின் ஒன்றரை நாள் வருவாய். ஆங்கிலப் பிரிவிற் படித்த ஏழைப் பிள்ளைக்கு ஒரு காசும் குறையாது. தமிழ்வழியிற் படித்த பிள்ளைக்குத் தன் மொழியால் ஒரு நன்மை உண்டென்று கைமேற் காட்டியதாகும். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பில் எப்பிரிவிற் சேர்ப்பதென்று தயங்கும் தந்தையிடம் தலைமையாசிரியர் சொல்லுதற்கு ஒரு செய்தி கிடைக்கும். மேடைப் பேச்சு நூறு செய்யாததை அவ் வைந்நூறு செய்யும்.

ஆயிரம் என்ற தொகையும் 2022இல் வகுத்தது. 2024-25இல் நூறு நாள் வேலையின் நாட்கூலி தமிழ்நாட்டில் 319 உருபா. அதன்படி ஆயிரம் என்பது மூன்று நாட் கூலிக்குச் சற்று மேல். நாட்கூலி ஆண்டுதோறும் திருத்தப்பட்டது, மாணவர் தொகை அசையவில்லை. தொலைநிலைக் கல்வியிற் படிப்பார்க்கும் இது இல்லை. பகலிற் செங்கல் சுமந்து இரவிற் படிக்கும் பையனே தருமபுரியில் மிகுதி என்பதைத் திட்டம் வகுத்தவர் அறியார் போலும். பெங்களூரிற் பெற்றோரோடு இருந்து இரண்டாண்டு அங்குப் படித்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளையும் விதிக்கு வெளியே. இவற்றையெல்லாம் சேர்த்தே கேட்க வேண்டும்.

யாரிடம், எவ்வாறு? அமைச்சரிடம் நீண்ட முறையீடு எழுதிப் பயனில்லை. அது துறைக்குத் துறை தள்ளப்படும். தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், நல்லம்பள்ளி ஆகிய ஏழு வட்டத்து ஊர்மன்றக் கூட்டங்களிலும் அத்தோபர் 2ஆம் பக்கல் தீர்மானம் நிறைவேற்றி, ஊர்த்தலைவர் கையொப்பத்தோடு மாவட்டாட்சியர்க்கு விடுத்தல் வேண்டும். தீர்மானத்தின் சொற்கள் இவை: "உயர்கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்களுள் 6 முதல் 12ஆம் வகுப்புவரை தமிழ்வழியிற் படித்தோர்க்கு, அவர் படித்த பள்ளி அரசுப் பள்ளியாயினும் உதவிபெறும் பள்ளியாயினும் உதவிபெறாத் தமிழ்வழிப் பள்ளியாயினும், திங்களுக்கு ஐந்நூறு உருபா கூடுதலாக வழங்குமாறும், தொகையை ஆண்டுதோறும் விலையேற்றத்துக் கேற்ப உயர்த்துமாறும் இவ் வூர்மன்றம் தமிழ்நாட்டரசை வேண்டுகின்றது."